மோட்டாரைக் கழற்றும் முன் வயரை அளந்து பாருங்கள்

சென்னிமலைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். போன சித்திரையில் காங்கேயத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். "ஏனுங் தம்பி, கிணத்து மோட்டாரு சித்த நேரம் ஓடுனாலே கொதிக்குது. காயில் கட்டிக் குடுங்க" என்றார். கட்டிக் கொடுத்தால் எனக்குக் கூலிதான். ஆனால் போன வருடம்தான் அதற்குக் காயில் கட்டியிருந்தேன். டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

கணக்கு இவ்வளவுதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓம் கணக்கில். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன், வாட் கணக்கில். இஸ்திரிப் பெட்டியில் பழகுங்கள். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுத்தால் தடை சுமார் 53 ஓம், திறன் 1000 வாட். லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் தடை பெரிதாக மாறாது. ஆம்பியர் 3.4 ஆகிவிடும், திறன் 612 வாட்தான். சாயங்காலம் சட்டைச் சுருக்கம் போகாததற்குக் காரணம் அதுதான்.

ஓடுகிற மோட்டாருக்கு மட்டும் இந்த வகுத்தலைப் போடாதீர்கள். தொழில் பழகும்போது காயிலை மீட்டரில் அளந்தேன், 2.5 ஓம் காட்டியது. 230-ஐ வகுத்து 92 ஆம்பியர் என்று பயந்து போய் நின்றேன். ஓடும்போது காயிலே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கிக் கரண்டைத் தடுக்கும். அது மீட்டரில் தெரியாது. மோட்டாரின் திறனுக்கு வோல்ட், ஆம்பியரோடு பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். சிங்கிள் ஃபேஸ், 1 ஹெச்பி மோனோபிளாக், அதாவது மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது. மோட்டார் ஓடும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். நிறுத்திவிட்டு அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் காட்டி ஏமாற்றும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) மீட்டர் பெட்டியிடம் 228 வோல்ட். கிணற்றடி ஸ்டார்ட்டரில் 204. டாங் டெஸ்டரை ஒரே ஒரு வயரில் மாட்டினால் 8 ஆம்பியர். (இரண்டு வயரையும் சேர்த்து மாட்டினால் பூஜ்யம்தான் வரும். அனுபவசாலிகளே மறந்துவிடுவார்கள்.) திறந்த டெர்மினலில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் வயர்மேனை அளக்கச் சொல்லுங்கள்.

நடுவில் தொலைந்தது 24 வோல்ட். எட்டால் வகுத்தால் 3 ஓம். இது வயரின் தடை. 24-ஐ எட்டால் பெருக்கினால் 192 வாட். அவ்வளவும் மண்ணுக்குள் வயரைச் சூடாக்கியே போகிறது.

ஜாயின்ட் கெட்டிருக்குமோ என்று பார்த்தேன். சாளைக்கும் கிணற்றுக்கும் 200 மீட்டர். போக வர 400. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். 400 மீட்டருக்கு 2.96. ஆக, ஜாயின்ட்டில் குற்றமில்லை. வயரே மெலிசு. வோல்ட் குறைந்ததால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகியிருக்கிறது.

4 சதுர மில்லிமீட்டர் இழுக்கச் சொன்னேன். கிணற்றடியில் இப்போது 214 வோல்ட், 7.5 ஆம்பியர். மோட்டாரைத் தொட்டால் கை பொறுக்கிறது.

சுருட்டி வைத்த பழைய வயரை என்ன செய்வதென்று பெரியவர் கேட்டார். மாட்டுக் கொட்டகைக்கு இழுத்து 9 வாட் எல்இடி பல்பு போடச் சொன்னேன். அந்த 3 ஓமில் அதற்குக் கால் வோல்ட்கூட விழாது.