லேப்டாப்பைக் கொடுத்து டெஸ்க்டாப் வாங்கினேன்

வேலை முழுக்க வீட்டில்தான் என்றானபின் பழைய லேப்டாப்பைவிட ஒரு டெஸ்க்டாப்தான் உதவும் என்று தோன்றியது. மாற்றிக்கொள்ள நான் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து அழைத்தவர் முன்பின் தெரியாதவர். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு லேப்டாப் வேண்டும், மாற்றிக்கொள்ளலாமா சார் என்றார். சரி என்றேன்.

கொடுப்பதற்கு முன் கோப்புகளை நகலெடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்யும்போது டிரைவையும் முழுதாகத் துடைக்கச் சொல்லிவிட்டேன். வெறுமனே டெலீட் செய்த கோப்புகளைப் பல நேரம் இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். இதில் அவசரமே கூடாது.

டெஸ்க்டாப்பை அவர் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தது, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸில் பாஸ்வேர்டு இல்லை. பில் நகல்களை மாற்றிக்கொண்டு, சீரியல் எண்களை எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

வீட்டுக்கு வந்து இணைத்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு, விடாமல் பீப் சத்தம். ஆட்டோவில் குலுங்கியதில் ரேம் எனும் நினைவகப் பலகை நகர்ந்திருக்கும் என்று ஊகித்தேன். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இருபக்கக் கொக்கியும் மாட்டும்வரை அழுத்திப் பொருத்தினேன். திரை வந்துவிட்டது!

அப்புறம், மெயின் சுவிட்சை அணைத்தாலே தேதி பின்னுக்குப் போனது. கணினியின் கடிகாரத்தை ஓடவைக்க மதர்போர்டில் (முதன்மைச் சுற்றுப் பலகையில்) உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது. கடிகாரக் கடையிலேயே கிடைத்தது. அவரிடம் சொன்னபோது அதற்குக் காசு தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.