கால்சியம் ஸ்கோரும் கொழுப்பு மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் புதிதாகப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் காலத்தில் நடந்த அதே கூத்தை மறுபடி நடத்துகிறார்கள். இதயக் குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் சுண்ணாம்பை சிடி ஸ்கேனில் அளந்து தருவதுதான் கால்சியம் ஸ்கோர். கொழுப்பு மாத்திரையைத் தொடங்கலாமா என்று இழுபறியாக இருக்கும்போது முடிவெடுக்க அது உதவும். அத்தோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது.

மாத்திரை சாப்பிடுபவருக்கு மறுபடி ஸ்கேன்

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கீழக்கரைப் பெரியவர் ஒருவர். ஸ்கோர் 140 என்று வந்ததால் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைத் தொடங்கினோம். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. துபாயில் இருக்கும் மகன் சும்மா இருப்பாரா? "வாப்பாவுக்கு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருங்க" என்று பணம் அனுப்ப, புது மருத்துவரும் மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாடகைக் கார், ஸ்கேன் செலவு, ஒரு நாள் அலைச்சல். வந்த எண் 210. மாத்திரை சாப்பிட்டும் கூடிவிட்டதே என்று வீடே பதறி, மாத்திரையை நிறுத்திவிட்டது. என்னிடம் வந்தபோது எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. அவரை மறுபடி மாத்திரைக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாத்திரை தோற்கவில்லை. ஈரச் சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதுபோல, வெடிக்கக்கூடிய மெத்தென்ற கொழுப்புப் படிவை ஸ்டாட்டின் இறுக்குகிறது. ஸ்கோர் கணக்கிலோ, சுண்ணாம்பின் பரப்பை அதன் அடர்த்திக்கான எண்ணால் பெருக்குவார்கள். படிவு இறுகினால் எண்ணும் ஏறும். அதை மட்டும் வைத்து ஆபத்து கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதை எல்டிஎல் ரத்தப் பரிசோதனை சொல்லும். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை, பிறகு 3 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை போதும். இறங்கவில்லையா? மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று முதலில் கேளுங்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, கடலுக்குப் போகும்போது மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுப் போகும் விசைப்படகுக்காரர்கள் இங்கே உண்டு.

ஜீரோ வந்தால் மாத்திரை வேண்டாம் என்பது

அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 7.5 முதல் 20 சதவீதம் வரை உள்ளவருக்கு ஜீரோ வந்தால் தள்ளிப்போடலாம், சரி. ஆனால் சர்க்கரை, பீடி சிகரெட், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஜீரோவை நம்பாதீர்கள். மெத்தென்ற படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. அப்புறம், 40 வயதுக்குள் ஜீரோ வருவது அதிசயமும் இல்லை.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்கோர்

வேண்டாம். மாத்திரை எப்படியும் உண்டு.

எல்டிஎல் 190ஐத் தொட்டவருக்கு

அதே பதில்தான்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு

ஈசிஜி. உடனே.