சிங்கி இறால்: கரைக்கும் அடுப்புக்கும் இடையே நேரும் தவறுகள்

சாதாரண இறாலைச் சமைத்துப் பழகிய கைக்குச் சிங்கி இறால் (ஆங்கிலத்தில் லாப்ஸ்டர்) ஒரு பொருட்டல்ல என்று பலரும் எண்ணுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கரைகளுக்கு விடுமுறை நாள்களில் வந்து, ஏலம் முடிந்த கையோடு ஒன்றிரண்டு சிங்கிகளை வாங்கிச் செல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை, பல மடங்கு கூடுதல் விலை கொடுத்து அவர்களும் செய்வது தெரிகிறது. உப்பு மிகுந்தது, காரம் மிகுந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை நாக்கே திருத்திவிடும். காரணம் இன்னதென்று தெரியாமலேயே திரும்பத் திரும்ப நேர்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அயல்நாட்டுக் காணொளியை அப்படியே பின்பற்றுவது

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில் பிடிபடுவது பெரிய கொடுக்குகளைக் கொண்ட வேறோர் இனம். மன்னார் வளைகுடாவிலும் குமரிக் கடலிலும் கிடைக்கும் நம் சிங்கிக்கு அத்தகைய கொடுக்குகள் கிடையாது. முள் நிறைந்த நீண்ட மீசைகளே உண்டு, சதையும் பெரும்பாலும் வாலில்தான் இருக்கிறது. முழு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தட்டுக்கு வரும். இதை அறியாமல் ஆறு பேர் விருந்துக்கு ஒரு கிலோ சிங்கியை வாங்கி வந்து, பிறகு அவசரமாக முட்டைக் குழம்பு வைத்த வீடு ஒன்றை நான் அறிவேன்.

மீசையைப் பிடித்துத் தூக்குவது

கழன்று கையோடு வந்துவிடும். முதுகு ஓட்டைத் துணியால் பற்றித் தூக்க வேண்டும். தூக்கியதும் வாலை வயிற்றுப் பக்கமாகச் சுண்டி மடக்கினால் வாங்கலாம். வால் தொங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது.

முட்டைச் சிங்கியை விரும்பிக் கேட்பது

வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைத் திரள் இருந்தால், அது லட்சக்கணக்கான குஞ்சுகளைச் சுமக்கும் தாய்; வாங்காமல் விட்டுவிடுங்கள். குஞ்சுச் சிங்கிகளுக்கும் இதே மரியாதை உண்டு. ஏற்றுமதிக்கென மத்திய அரசு 2003-இல் குறைந்தபட்ச எடையை இனவாரியாக வரையறுத்தது. நம் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இனத்துக்கு அது 200 கிராம், வண்ணக் கோலமிட்ட பெரிய இனத்துக்கு 500 கிராம். வீட்டுச் சமையலுக்கு அந்த விதி எழுதப்படவில்லை என்றாலும், வாங்குகிற கை அதை மதிக்கலாம்.

நல்ல தண்ணீரில் போடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவது இந்த ஒரு தவறுதான். மற்ற தவறுகளால் சுவை குறையும், இதனால் வாங்கிய பொருளே போய்விடும்.

என் தங்கை மகன் குளச்சல் கரையில் மூன்று சிங்கிகளை வாங்கினான். கையில் எடுத்தால் துள்ளி விழும் அளவுக்கு உயிர்ப்போடு இருந்தவை அவை. திருநெல்வேலியில் மேலதிகாரிக்கு விருந்து என்பதால், கடையில் ஒரு கேன் குடிநீர் வாங்கி, பெரிய வாளியில் ஊற்றி, அவற்றை அதில் மிதக்கவிட்டு, காரின் பின்பகுதியில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். வீடு சேர்ந்து மூடியைத் திறந்தபோது மூன்றும் கால்களைப் பரப்பிக் கிடந்தன. என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, தண்ணியில வாழுற ஜீவன்தானே, அதுவும் கேன் தண்ணி" என்று நியாயம் பேசினான். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பது அவனுடைய முடிவு. விற்றவர் கொடுத்ததோ மிகச் சிறந்த சரக்கு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சிங்கியின் உடல்நீரிலும் ஏறத்தாழ அதே அளவு உப்புத்தன்மைதான். சூழ்ந்திருக்கும் நீரின் உப்பு சட்டென மாறினால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. உப்பில்லாத நீரில் விட்டால் வெளிநீர் உடலுக்குள் புகுந்து செல்கள் ஊதுகின்றன. தண்ணீர் எவ்வளவு தூய்மையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அது சாகும். அப்படியானால் கைப்பிடி உப்பு போட்டால் போதுமே, அல்லது கடல்நீரையே மொண்டு எடுத்துச் சென்றால் ஆயிற்றே என்று அடுத்த கேள்வி வரும். காற்று ஊட்டாத வாளியில் உள்ள சிறிதளவு ஆக்சிஜனை அவை விரைவில் தீர்த்துவிடும்; மூடிய காரின் வெப்பம் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரே இல்லாமல் எடுத்துச் செல்வதுதான் சரியான வழி. ஓட்டுக்கு அடியில் உள்ள செவுள்கள் ஈரமாக இருக்கும்வரை சிங்கி காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும். உயிருள்ள சிங்கியை வெளிநாடுகளுக்கு விமானத்தில் அனுப்பும் ஏற்றுமதியாளர்களும் அதைக் குளிர்வித்து, தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் இல்லாமல்தான் அடைக்கிறார்கள். நாமோ கடல்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கில் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டம் உள்ள கூடையில், வெயில் படாமல் வைத்தால் போதும். குளிர் வேண்டுமென்றால் பனிக்கட்டியைப் புட்டியில் அடைத்துப் பக்கத்தில் வைக்கலாம். உருகிய பனிநீரும் நல்ல தண்ணீர்தான் என்பதை மறந்து, பனிக்கட்டி மேலேயே படுக்க வைப்பவர்கள் ஏராளம். பாலித்தீன் பையில் இறுகக் கட்டுவதும் கொலையே.

செத்துவிட்டால் என்ன, எப்படியும் சமைக்கத்தானே போகிறோம் என்று தங்கை மகன் கேட்டான். தலைப்பகுதியில் உள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள், உயிர் போனதும் அக்கம்பக்கத்துச் சதையைக் கரைக்கத் தொடங்குகின்றன. நேரம் ஆக ஆக வால்சதை நார் விட்டு மாவாகிறது. கண்ணெதிரே செத்தால் உடனே வாலை முறுக்கிப் பிரித்து, குடலை நீக்கி, பனிக்கட்டிக்குள் புதைத்து, அன்றே சமைத்துவிடலாம். எப்போது செத்தது என்று தெரியாவிட்டால் எறிந்துவிட வேண்டும். கெட்ட சதையில் கிருமிகள் விட்டுச்சென்ற நச்சுகளில் சில, கொதிக்க வைத்தாலும் அழியாதவை. அம்மோனியா வாடை வீசுவதை மசாலாவால் மறைக்கும் வீரர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விருந்துக்கு அன்று கோழி வாங்கப்பட்டது.

துள்ளத் துள்ளக் கொதிநீரில் போடுவது

சுவிட்சர்லாந்து 2018-இல் இதைத் தடைசெய்தது. அறத்தை விடுங்கள், சமையல் நோக்கிலும் இது வீண்: துடிக்கும் சிங்கி கால்களை உதறிக் கழற்றும், தசை இறுகும். ஈரத்துணியில் சுற்றி அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து அசைவு அடங்கிய பிறகு, கனமான கத்தியால் தலையை நீளவாக்கில் ஒரே வெட்டில் பிளப்பதே முறை.

குடலை மறப்பது

ஒடித்த மீசைத் துண்டை வால் நுனியின் துளைக்குள் செலுத்தி, முறுக்கி இழுங்கள். முட்களில் சிக்கிக் குடல் முழுதாக வந்துவிடும்.

சிவந்ததும் வெந்துவிட்டது என்று நம்புவது

ஓட்டில் ஒரு புரதத்தோடு பிணைந்து கிடக்கும் நிறமி, வெப்பம் பட்டதும் விடுபட்டுச் சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. உள்ளே சதை பச்சையாக இருக்கும்போதும் ஓடு சிவக்கும். அழுகிய சிங்கியின் ஓடும் சிவக்கும். கால் கிலோ எடையுள்ள வாலுக்கு ஆவியில் 8 முதல் 10 நிமிடம் போதும். கண்ணாடிபோல் தெரிந்த சதை பால்வெள்ளையானதும் இறக்குங்கள். குழம்பாக வைப்பதென்றால், குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைச் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் கொதித்த சிங்கி ரப்பர்.

எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுவதும் ஊறவைப்பது

வேண்டாம்.

கடற்கரை உணவகத்திலும் கப்பலிலும் ஏமாறுவது

மாமல்லபுரம், கோவளம் போன்ற இடங்களில் தட்டில் வைத்துக் காட்டி எடைக்கு விலை சொல்வார்கள். அந்த எடை ஓட்டோடு சேர்ந்ததா, சமையல் கூலியும் அதில் அடங்குமா என்று தராசில் ஏற்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஓட்டோடு பரிமாறச் சொல்லுங்கள்: உயிரோடு சமையலறைக்குச் சென்ற சிங்கியின் வால் சுருண்டிருக்கும், செத்து நேரமானது பெரும்பாலும் நீண்டு தளர்ந்திருக்கும். பெரிய சுற்றுலாக் கப்பல்களில் சிறப்பு விருந்தன்று வருவது பெரும்பாலும் உறைவித்த வால்தான். அதைக் குறை கூற மாட்டேன், பிடித்தவுடன் உறைவித்த வால், கரையில் ஒரு நாள் செத்துக் கிடந்த 'புதிய' சிங்கியைவிட நூறு மடங்கு மேல். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகில் போய் அடுப்பு மூட்டலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால் ஏறாதீர்கள்; அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது.

இறால் ஒவ்வாதவர்க்குப் பரிமாறுவது

இறால் ஒவ்வாதவர்க்கு இதுவும் ஒவ்வாது என்றே கொள்ளுங்கள்.

ஓட்டைக் குப்பையில் கொட்டுவது

செரிமானச் சுரப்பியையும் செவுள்களையும் நீக்கிய தலை ஓட்டை நல்லெண்ணெயில் மணம் வரும்வரை வறுத்து, நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்து, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி 30 நிமிடம் சிறுதீயில் வையுங்கள். அதற்குமேல் வைத்தால் கசப்பு இறங்கும். வடித்த சாற்றை அப்படியே குடிக்கலாம், அல்லது மறுநாள் குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம்.