தூண்டில் நரம்பைக் கூட்டுச் சேர்ந்து மொத்தமாக வாங்கும் முறை

தூண்டில் போடும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நரம்பைப் பெரிய உருளையாக வாங்கினால், நூறு மீட்டர் சுருளாகச் சில்லறையில் வாங்குவதைவிட மீட்டருக்கு ஆகும் விலை நன்றாகவே குறையும். ஆனால் கடையில் மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் பங்கு பிரிக்கும் இடத்தில்தான் கரைகிறது. ஆகவே பேரம் பேசுவதைவிட, வாங்கும் சரக்கைச் சோதிப்பதிலும் அளந்து பிரிப்பதிலும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

முதலில் யாருக்கு எந்த நரம்பு என்பதைப் பேசி முடிக்க வேண்டும். எண்ணூர் கழிமுகத்திலோ முட்டுக்காட்டிலோ கொடுவாவுக்குக் காத்திருப்பவருக்கும், ஏரிக்கரையில் பொம்மைத் தவளையை வீசி விரால் பிடிப்பவருக்கும், கடற்கரையில் ஈயக்குண்டு கட்டி இரை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே நரம்பு பொருந்தாது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு நடுத்தர அளவை எடுத்தால், அது ஒருவருக்கும் உதவாமல் போகும். ஒரே தடிமன் தேவைப்படுகிறவர்கள் மட்டும் ஒரு கூட்டாகச் சேர்வதே நல்லது. மூன்று பேர்தான் தேறினாலும் குறைவில்லை. கூட்டாக வாங்க மிகவும் ஏற்றது நைலான் தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நரம்பு. முள்ளுக்கு முன்னால் கட்டும் குட்டைத் துண்டான லீடருக்கு உதவும் ஃபுளோரோகார்பன் நரம்பு சில மீட்டரே செலவாகும் என்பதால் அதற்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை.

காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் மீனவர்களுக்காக விற்கும் தங்கூஸ் உறுதியானதுதான். ஆனால் கைத்தூண்டிலுக்கு ஏற்ற விறைப்பான நரம்பை, கழியில் பொருத்தும் நரம்புச் சக்கரமான ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால், வீசும்போது சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்து சிக்கல் போடும். ஆகவே மொத்தமாக எடுக்குமுன் ஒரு சிறு சுருளை வாங்கி வந்து, பின்வரும் சோதனைகளைச் செய்து பார்ப்பது அவசியம்.

உறையில் அச்சிட்ட தடிமனை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பென்சிலில் நரம்பைப் பத்துச் சுற்று இடைவெளியில்லாமல் நெருக்கிச் சுற்றி, அந்த அகலத்தை அளந்தால், 0.40 மி.மீ. நரம்பு சரியாக 4 மி.மீ. வர வேண்டும். 4.5 மி.மீ. வந்தால் அது உண்மையில் 0.45 நரம்பு, "நல்ல உறுதி" என்று கடைக்காரர் பெருமைப்படுவது அந்தக் கூடுதல் தடிமனைத்தான், உங்கள் ரீலிலோ ஐந்தில் ஒரு பங்கு நீளம் குறைவாகவே கொள்ளும். அடுத்து, அரை நாள் நீரில் ஊறிய துண்டில் நீங்கள் வழக்கமாகப் போடும் முடிச்சைப் போட்டு, பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். நைலான் நீரை உறிஞ்சும்போது உறுதியில் ஒரு பகுதியை இழக்கும் என்பதால், உலர்ந்த நரம்பின் கணக்கு கரையில் உதவாது.

நீளத்தைச் சமையலறை டிஜிட்டல் தராசே சொல்லிவிடும். நைலானின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.14 கிராம் ஆகையால், 0.40 நரம்பு நூறு மீட்டர் சுமார் 14 கிராமும், 0.50 நரம்பு சுமார் 22 கிராமும் இருக்கும். வெற்று உருளையின் எடையைக் கழித்து இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், ஆயிரம் மீட்டர் என்று விற்றதில் எவ்வளவு இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். பங்கு பிரிக்கும்போதும் இதே தராசு போதும். முழங்கையில் சுற்றி எண்ணுவதால் வீண் சச்சரவுதான் மிஞ்சும். பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பானால், பத்து மீட்டருக்கு ஒரு நிறமாக மாறும் வகையை வாங்குங்கள். நிறத்தை எண்ணி வெட்டினால் தீர்ந்தது.

பிரிக்கும் நாளில் ஒவ்வொருவரும் தம் ரீலைக் கையோடு கொண்டு வர வேண்டும். இடையில் இன்னொரு சுருளுக்கு மாற்றினால் முறுக்கு ஏறும். ஸ்பின்னிங் ரீலுக்கு உருளையைத் தரையில் படுக்க வைத்து, ஈரத்துணியால் நரம்பை இலேசாகப் பிடித்தபடி இருபது சுற்று சுற்றிவிட்டுத் தளர்த்திப் பாருங்கள். திருகிக்கொண்டால் உருளையைப் புரட்டி வைத்துத் தொடருங்கள். உருளையின் அடியில் கிடக்கும் பகுதி இறுகச் சுருண்டிருக்கும். அது கடைசியில் வருபவர் தலையில் விழாமல், பின்னல் நரம்புக்கு அடியில் சுற்றும் அடிநரம்பாக யாருக்காவது விலை குறைத்துக் கொடுத்துவிடலாம்.

பணத்தை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே வசூலித்துவிடுங்கள். ஆள் கணக்கில் அல்லாமல் மீட்டர் கணக்கில் பிரிப்பதே முறை. மீட்டர் 80 காசு என்று விழுந்தால், 300 மீட்டர் எடுப்பவர் 240 ரூபாயும், 150 எடுப்பவர் 120 ரூபாயும் தர வேண்டும். பில்லைப் படமெடுத்து அனைவருக்கும் அனுப்பிவிட்டால் பிறகு பேச்சு எழாது.

மீதமுள்ள நரம்பைத் தடிமனும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சென்னை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடக்கும் நைலான் விரைவில் வலுவிழக்கும்.