கொலஸ்ட்ராலுக்கு மூலிகை: எங்கே தப்பு நடக்கிறது

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 165 என்று தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வைத்தியம் கொட்ட ஆரம்பித்துவிடும். பூண்டைப் பாலில் வேகவை, மருதம்பட்டையைக் கஷாயம் வை, வெந்தயத்தை ஊறவை, கறிவேப்பிலையை வெறும் வயிற்றில் மெல்லு. இவற்றில் சிலவற்றால் கொஞ்சம் பலன் உண்டு, சிலவற்றுக்கு உருப்படியான ஆதாரமே கிடையாது, ஒன்றிரண்டு வம்பையும் இழுத்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, கஷாயம் ஆரம்பித்த கையோடு கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் கொடுத்த ஸ்டாட்டின் வகை மாத்திரையை நிறுத்துவது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் மாதிரி மாத்திரைகள் வழக்கமான அளவிலேயே எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். நார்ச்சத்துள்ள இசப்கோல் உமியை ஒழுங்காக எடுத்தால் இறங்குவது 5 முதல் 10 சதவீதம். 2022-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வு ஒன்றில் ரோசுவாஸ்டாட்டின் வெறும் 5 மில்லிகிராம் 28 நாளில் எல்டிஎல்லைக் கிட்டத்தட்ட 38 சதவீதம் இறக்கியது. அதே ஆய்வில் பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எல்டிஎல் இறங்கவில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர் (இது பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம்) மாத்திரையை விட்டுவிட்டுப் பட்டையை நம்பினால் அது விஷப்பரீட்சைதான். "நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். கொலஸ்ட்ரால் ஏறினால் வலிக்காது, தலை சுற்றாது. உள்ளே ரத்தக்குழாயில் சத்தமில்லாமல் படியும், அவ்வளவுதான்.

மாத்திரை கெமிக்கல், மூலிகை இயற்கை என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்டாட்டின் முதலில் கிடைத்ததே பூஞ்சையிலிருந்துதான், 1970-களில் ஜப்பான்காரர் அகிரா எண்டோ கண்டுபிடித்தது. ஆன்லைனில் "இயற்கை மருந்து" என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி காப்ஸ்யூலில் இருக்கும் மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் ஒரே பொருள். ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து விழுங்கினால் ஒரே மருந்தை இரண்டு பக்கமும் எடுத்த மாதிரி ஆகும். தசைவலி வந்தால் அப்புறம் பழி மாத்திரை மேல்.

இன்னும் சில சேர்க்கைகள் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் பூண்டு காப்ஸ்யூலைத் தவிர்ப்பது நல்லது, ரத்தக்கசிவு கூடலாம் (ரசத்தில் தட்டிப்போடும் நாலு பல்லைப் பற்றிச் சொல்லவில்லை, அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்). சர்க்கரை மாத்திரையோடு வெந்தயத்தை அதிகமாக எடுத்தால் சர்க்கரை திடீரென்று கீழே போகலாம். பல கூட்டுச் சூரணங்களில் அதிமதுரம் இருக்கும், தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். குக்குலு என்ற மரப்பிசின் கொலஸ்ட்ராலுக்கென்று பெரிய பெயர் வாங்கியது, ஆனால் 2003-ல் அமெரிக்காவில் நடந்த எட்டு வார ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சற்று ஏறியதுதான் மிச்சம், சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

வெந்தயத்துக்கு வருவோம், இதில்தான் வீட்டுக்கு வீடு ஒரே தப்பு நடக்கிறது. ராத்திரி ஒரு தேக்கரண்டி ஊறப்போட்டு, காலையில் மஞ்சளாக இறங்கிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, உப்பிக் கொழகொழவென்று கிடக்கும் விதையைச் செடிக்குப் போட்டுவிடுகிறார்கள். விரலில் வழுக்குகிறதே, அந்தக் கொழகொழப்புதான் நமக்கு வேண்டிய நார்ச்சத்து. அது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும், புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். விதையை எறிந்தால் காரியத்தில் பெரும்பாதி போச்சு. அளவும் இடிக்கிறது: ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது நாளுக்கு 25 கிராம், நம் தேக்கரண்டி வெந்தயம் 4 கிராம் தேறினால் அதிகம். அதற்காக நாளைக்கே 25 கிராம் அள்ளிப் போட்டால் வயிறு உப்பி வாயு படுத்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு. கர்ப்பிணிகள் சமையலில் சேரும் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இசப்கோலையும் வெந்தயத்தையும் மாத்திரை போடும் அதே நேரத்தில் குடிக்கக் கூடாது, மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இசப்கோலுக்கு டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும், வாயில் பொடியைக் கொட்டி ஒரு மடக்கு குடித்தால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும்.

அப்புறம், ஏறியிருப்பது எது என்று பார்க்காமலே வைத்தியம் ஆரம்பிப்பது. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு) மட்டும் எகிறியிருந்தால் பெரும்பாலும் சோறு, இனிப்பு, மது, கட்டுக்குள் வராத சர்க்கரை இவற்றில்தான் கை வைக்க வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும், அதைச் சரிசெய்யாமல் எத்தனை பட்டையைக் காய்ச்சினாலும் வீண். காலையில் கஷாயம், சாயங்காலம் டீக்கடையில் மூன்றாவது தடவை காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி என்று போகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல.

வாங்கும் இடத்தையும் பாருங்கள். லேபிள் இல்லாத பாலிதீன் பையில் "கொலஸ்ட்ரால் பொடி" என்று கட்டித் தருவதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. மருதம்பட்டை வேண்டுமென்றால் பட்டையாகவே வாங்குங்கள். சித்த மருத்துவரைப் பார்ப்பதென்றால் தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, யூடியூப் வைத்தியரைவிட அது எவ்வளவோ மேல். சித்த மருத்துவரிடம் ஆங்கில மாத்திரைச் சீட்டையும், ஆங்கில டாக்டரிடம் சூரண டப்பாவையும் காட்டுங்கள், ஒளிக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து மூலிகையைத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது தொந்தரவு கொடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றைத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, அதே லேபில் மறுபடி லிப்பிட் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். இறங்கவில்லையா, விட்டுவிடுங்கள். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல், கிரீன் டீ சாறு, சீந்தில் இவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. அதனால் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் தொடையும் தோளும் வலித்தாலோ மூலிகையை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.