ஈயை அடிக்கும் முன் அது பிறக்கும் இடத்தைத் தேடுங்கள்

கோலாலம்பூரில் ஈக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. இந்த வெக்கையில் வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்து புழுவாகிவிடும்; ஏழு முதல் பத்து நாளில் அது சிறகு முளைத்துப் பறக்கும். மருந்து டின்னை எடுத்துக் கண்ணில் பட்டதை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், மறுவாரமே அடுத்த தலைமுறை வந்து நிற்கும்.

படி 1: எந்த ஈ என்று பாருங்கள்

ஒட்டும் தாளில் சிக்கிய ஒன்றைக் கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறமும் முதுகில் நான்கு கருங்கோடுகளும் இருந்தால் வீட்டு ஈ, குப்பையைத் தேடுங்கள். உடல் பச்சையும் நீலமுமாகப் பளபளத்து, கண் பெரிதாகச் சிவந்திருந்தால் பச்சை ஈ; மீன் கழிவோ செத்த பிராணியோ அருகில் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவில் பழுப்பாக, பழத்தட்டைச் சுற்றி மிதப்பது பழ ஈ. குளியலறைச் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டு, சிறகெல்லாம் மயிராக இருப்பது சாக்கடை ஈ. இதைக் கொசு என்று எண்ணிக் கொசுவத்தி ஏற்றுபவர்கள் நிறைய.

படி 2: குப்பைத்தொட்டி

தரைவீடுகளில் சமையல் கழிவை வாரம் இரண்டு முறை எடுக்கிறார்கள். ஈயின் வளர்ச்சியை நடுவிலேயே முறிக்க அது போதும். ஆனால் தொட்டியின் அடியில் ஒட்டிய கசடு லாரியில் ஏறுவதில்லை. புழு அங்கேதான் வளர்கிறது. லாரி போன கையோடு தொட்டியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காயவையுங்கள். ரசமும் மோரும் வழியும் வாழை இலையை அப்படியே போடாமல், வடித்துச் செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள். மீன் செதிலையும் குடலையும் பையில் கட்டி, குப்பை எடுக்கும் நாள் வரை உறைபெட்டியில் வைப்பதே என் வழக்கம். பார்க்க விநோதமாக இருக்கும். பச்சை ஈ வராது.

படி 3: சமையலறை

பழ ஈக்குப் புளித்த வாடை போதும். சாமி மேடையில் கனிந்துபோன வாழைப்பழம், பொங்கி வழிந்து பாத்திரத்தின் வெளிப்புறம் காய்ந்த தோசை மாவு, ஈரமான துடைப்புத் துணி ஆகியவற்றை அகற்றுங்கள். மிச்சமிருக்கும் ஈக்களுக்கு, கிண்ணத்தில் சிறிது வினிகர் ஊற்றி ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு வையுங்கள். சோப்பு இல்லையென்றால் மேலே உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும்.

படி 4: வடிகால்

பலர் தவறவிடும் இடம் இது. இரவில் குளியலறைத் தரை வடிகாலின் மேல் ஒட்டு நாடாவை, பசைப் பக்கம் கீழே பார்க்கும்படி, காற்றுப் போக இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் ஈக்கள் ஒட்டியிருந்தால் பிறப்பிடம் அதுவே.

மூடியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தலைமுடியும் சோப்பு எச்சமும் சேர்ந்து வழவழவென்று ஒரு சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். டார்ச் அடித்தால் நூலளவு கறுத்த புழுக்கள் அதில் நெளிவது தெரியும். கொதிநீரையோ ப்ளீச்சையோ ஊற்றினால் பெரும்பாலும் படலத்தின் மேலாகவே ஓடிவிடும். நீண்ட கைப்பிடித் தூரிகையால் குழாயின் உட்சுவரைச் சுரண்டி எடுத்த பிறகே நீர் ஊற்றுங்கள். ப்ளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். சில நாளுக்கு ஒருமுறை சுரண்டுவதை மூன்று வாரமாவது தொடருங்கள். யாரும் பயன்படுத்தாத இரண்டாவது குளியலறையையும் விட்டுவிடாதீர்கள்.

படி 5: கூரையும் அண்டை அயலும்

மூடிய அறையில் திடீரென்று பச்சை ஈக்கள் கூட்டமாகச் சன்னலில் மோதினால், மேற்கூரைக்குள் எலி செத்திருக்கலாம். அண்மையில் எலி மருந்து வைத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். எலியை எடுத்தால் சில நாளில் ஈக்கள் அடங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டு ஈ குறையவில்லையென்றால், அடுக்குமாடியில் இருப்பவர்கள் உங்கள் தளத்தின் குப்பை அறைக்குப் போய்ப் பாருங்கள். கதவு மூடுவதில்லை, தரையில் நீர் தேங்குகிறது என்றால் தேதியோடு படம் எடுத்து, குடியிருப்பு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். பக்கத்து வீட்டாரும் உடன் கையெழுத்திட்டால் வேலை விரைவில் நடக்கும்.