சினைப்பைக் கட்டி ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறீர்களா? படிப்படியாக என்ன எதிர்பார்க்கலாம்

முதலில், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படியுங்கள், புரியாவிட்டால் நர்ஸிடம் கேளுங்கள். சிறு துளைகள் போட்டுச் செய்த லேப்ராஸ்கோப்பியா, அடிவயிற்றைக் கீறிச் செய்ததா, கட்டியை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையையும் சேர்த்தா? எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். துளை என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு, ஒன்றிரண்டு வாரத்தில் சாதாரண வேலை. கீறல் என்றால் ஆறு வாரம் வரை ஆகலாம். எதிர்வீட்டு அக்கா பத்தாம் நாளே கடைக்குப் போனாரே என்று மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள்: மயக்கம் கொடுக்கக் குழாய் வைத்திருந்தால் தொண்டை கரகரக்கும், குமட்டும். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்குத் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் வெட்டினால் தோளில் ஏன் வலி என்று பயந்துவிடுவார்கள். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையை, உறுத்துவதுதான் காரணம், மெல்ல நடந்தால் சில நாளில் போய்விடும். லேசான ரத்தக்கசிவும் இருக்கலாம், பேட் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம்: தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஆபரேஷன் முடித்து திருத்துறைப்பூண்டி பக்கம் போகிறவர்களுக்கு ஒவ்வொரு வேகத்தடையும் தையலில் தெரியும். முடிந்தால் கார், பஸ்தான் என்றால் பின்சீட்டு வேண்டவே வேண்டாம். சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், இருமும்போதும் தும்மும்போதும் அதே வைத்தியம்தான்.

வீட்டில்: இங்கேதான் தகராறு. ஒரு பக்கம் பெரியவர்கள் படுக்கையை விட்டு எழவே விடமாட்டார்கள், இன்னொரு பக்கம் நாலாம் நாளே தண்ணீர்க் குடம் நமக்காகக் காத்திருக்கும். இரண்டும் தப்பு. நடக்க வேண்டும், தூக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் வாசலிலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும், வாய்வும் பிரியும். குடம், அரிசி மூட்டை, இடுப்பில் குழந்தை எதுவும் கூடாது. நடவும் களையெடுப்பும் நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வயலில் இறங்காதீர்கள். ஆற்றிலும் குளத்திலும் குளிப்பது தையல் முழுதாக ஆறிய பிறகுதான்.

சாப்பாடு: கத்தரிக்காய் கூடாது, மீன் கூடாது, சீழ் வைக்கும் என்பார்கள். சீழ் கிருமியால் வருவது. புண் ஆறப் புரதம் வேண்டும், அதனால் மருத்துவர் தடுக்காதவரை முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடலாம். எனக்குக் கோபம் வருவது தண்ணீரைக் குறைக்கச் சொல்வதில்தான். சில வலி மாத்திரைகளே மலச்சிக்கல் தரும், அதோடு தண்ணீரும் குறைந்தால் முக்கி முக்கித் தையல்தான் இழுபடும். நிறையத் தண்ணீர், கீரை, பூவன்பழம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு ரத்தம், குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், ராத்திரி எந்நேரமானாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108.

ரிவ்யூவுக்குப் போகும்போது: எடுத்த கட்டியைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதவிலக்கு முன்பின்னாக வரலாம். ஒரு சினைப்பை நன்றாக இருந்தாலே கருத்தரிக்க முடியும், ஆகவே கல்யாணமாகாத பெண்ணின் அம்மாக்கள் கலங்க வேண்டாம். எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது தாம்பத்தியம், குழந்தைக்கு எப்போது முயலலாம் என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் நீட்டுங்கள்.